கால்தான் துடுப்பு

லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு ஃப்ளோட் டியூப் என்றால் என்னவென்று நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அதே டியூப்தான். சுற்றிலும் கெட்டி நைலானில் ஓர் உறை, நடு ஓட்டையின் குறுக்கே பட்டை வைத்துத் தைத்த இருக்கை, முதுகு சாய ஒரு குட்டி டியூப், பக்கவாட்டில் தூண்டில் சாமான்களுக்கு ஜிப் வைத்த பைகள். உள்ளே உட்கார்ந்தால் நெஞ்சுக்குக் கீழே எல்லாம் தண்ணீர். காலில் முக்குளிப்பவர்கள் மாட்டும் ரப்பர் ஃபின். உதைத்தால் ஆள் முதுகுப்பக்கமாக நகர்வார். கை இரண்டும் தூண்டிலுக்கு மிச்சம். அமெரிக்காவின் மேற்கே, ஐடஹோ, மொன்டானா, யூட்டா, ஆரெகன் மாநிலங்களின் மலை ஏரிகளில், மோட்டார் படகு வாங்கிக் கட்டி மேய்க்க விரும்பாத தூண்டில்காரர்களின் படகு இதுதான்.

பிடிப்பது ட்ரவுட். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வளர்த்தார்களே, அந்தக் குடும்பம். குளிர்ந்த தண்ணீர் இல்லாவிட்டால் பிழைக்காது. முள்ளைச் சுற்றி நூலும் இறகும் கட்டிச் செய்த ஃப்ளை என்ற பொய்ப் பூச்சியைக் காட்டித்தான் அதைப் பெரும்பாலும் பிடிக்கிறார்கள்.

கணினிச் சில்லுகள் செய்யும் வேலைக்காக 1990-களின் தொடக்கத்தில் ஐடஹோவின் பொய்சி நகரத்துக்குப் போனவன் நான். அங்கே பழகிய டியூப், பிள்ளைகள் பிறந்ததும் பரணில் ஏறியது. அவர்கள் கல்லூரிக்குப் போன பிறகு இறக்கிப் பார்த்தால் ரப்பர் வெடிப்பு விட்டுக் கிடந்தது. புதிது வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். நான் தேடிய பொருள் அங்கே இல்லை. அதே பெயரில் வேறொன்று இருந்தது. மிதவை, உடுப்பு, தூண்டில் நரம்பு, கருவி என எல்லாமே மாறியிருந்தன. மாற்றங்களில் எதற்கும் எனக்கு வருத்தமில்லை, பலவற்றுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது: இது வந்தது தூண்டில்காரனுக்காகவா, மீனுக்காகவா?

லாரிக்கு வேண்டியது வட்டம்

பழைய டியூபின் கதை லாரியின் கதையோடு பின்னியது. 1937-இல் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸும் ராபர்ட் தாமஸும் பியூட்டைல் ரப்பரைக் கண்டுபிடித்தார்கள். இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு நன்றாகக் காற்றைப் பிடித்துவைப்பது அதன் குணம். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்கள் ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்கா செயற்கை ரப்பருக்குத் தாவியது. போர் முடிந்தபோது டயர் டியூப் என்றால் பியூட்டைல் என்று ஆகிவிட்டது. நெடுஞ்சாலைகள் பெருகின, லாரிகள் பெருகின, லாரிக்கு ஆகாத டியூப்கள் டயர்க் கடைகளின் பின்புறம் குவிந்தன. அவற்றுக்கு உறை தைத்து விற்றால் ஒரு தொழில். ஓட்டை விழுந்தால் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம்.

பிறகு டியூப் இல்லாத ரேடியல் டயர் லாரிகளுக்கும் வந்தது. டயர்க் கடையில் டியூப் கேட்டால் கடைப்பையன் மேலும் கீழும் பார்க்கிற காலம் வந்தது. மிதவை செய்கிறவர்கள் பிவிசியிலும் யூரித்தேனிலும் தாங்களே காற்றுப்பைகளை ஒட்டவைத்துச் செய்யத் தொடங்கினார்கள். லாரியை நம்பியிருக்க வேண்டாம் என்றானபோது வட்டத்தையும் நம்பியிருக்க வேண்டாம் என்றானது. வட்டமாக இருக்கவேண்டிய கட்டாயம் சக்கரத்துக்குத்தானே. 1990-களில் முன்பக்கம் திறந்த 'யு' வடிவமும் 'வி' வடிவமும் பரவின. இன்று கடையில் நிற்பவை பெரும்பாலும் இவைதான்.

இந்த ஒரு மாற்றத்தின் அருமை பழையதில் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். வட்ட டியூபுக்குள் பாவாடை உடுத்துவதுபோல் காலை விட்டு, இடுப்புக்குத் தூக்கி, ஃபின் மாட்டிய காலோடு பின்பக்கமாக நடந்து ஏரிக்குள் இறங்க வேண்டும். சேற்றில் கால் சிக்கினால் கையை ஊன்ற இடமில்லை. நடு ஏரியில் கவிழ்ந்தால் தலை கீழே, மிதவை மேலே. காலிடுக்கில் ஒரு பட்டை, அதில் ஒரு கொக்கி, அதைக் குளிரில் விறைத்த விரலால் தடவிக் கழற்ற வேண்டும். திறந்த வடிவத்தில் இந்தப் பயம் இல்லை. பின்னால் சாய்ந்து உட்கார்கிறீர்கள், கரை வந்ததும் எழுந்து நிற்கிறீர்கள். இடமும் வலமும் தனித்தனிக் காற்றறைகள் இருப்பதால் ஒன்று போனாலும் இன்னொன்று கரைசேர்க்கும். நுரை இருக்கை தண்ணீருக்குச் சற்று மேலே தூக்கிவைக்கிறது. உயரத்திலிருந்து வீசுவதால் நரம்பு பின்னால் போய்த் தண்ணீரில் அடிபடுவது குறைகிறது. பழைய டியூபில் அதற்காகவே பத்தடிக் கம்பு வைத்துக்கொள்வோம்.

உயரத்துக்கு ஒரு விலையும் உண்டு. முன்பு தண்ணீருக்குள் பாதி புதைந்திருந்த ஆளைக் காற்று அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. இப்போது பாய்மரம்போல் நிற்கிறோம். மலை ஏரிகளில் மதியத்துக்குமேல் எழும் காற்று புதிய மிதவையைத்தான் வேகமாகத் தள்ளுகிறது.

மரத்துப்போன கால்

பனி உருகிய ஏரித் தண்ணீர் மே மாதத்தில் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அதில் நெஞ்சளவுக்கு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அன்று எங்களிடம் இருந்தவை ரப்பர் பூசிய துணியில் செய்த வேடர்கள், அதாவது நெஞ்சுவரை இழுத்து மாட்டும் காலோடு கூடிய உடுப்பு. உள்ளே கம்பளிக் கால்சட்டை இரண்டு போட்டாலும் ஒரு மணி நேரத்தில் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாது. முக்குளிப்போர் உடையில் பயன்பட்ட நியோப்ரீன் 1980-களில் வேடருக்கு வந்தது ஒரு விடுதலை. அதன் கண்ணறைகளுக்குள் சிறைப்பட்ட வாயுதான் குளிரைத் தடுக்கிறது. கரையில் நடந்தால் மட்டும் வெந்துபோவோம்.

அடுத்து வந்தவை வியர்வை ஆவியை வெளியே விட்டு, தண்ணீரை உள்ளே விடாத மென்சவ்வு ஒட்டிய உடுப்புகள். ஆற்றில் நின்று பிடிப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். மிதவைக்காரருக்கு அப்படியில்லை. நடை இல்லை, வியர்வை இல்லை, கால் மணிக்கணக்கில் தண்ணீரில். மெல்லிய சவ்வு குளிரை நிறுத்தாது. உள்ளே கெட்டியான ஃப்ளீஸ் அணிந்தால்தான் சரி. மே மாதத்துக்கு நியோப்ரீனும் ஜூலைக்கு மென்சவ்வும் என்று இரண்டும் வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் விவரமானவர்கள்.

இந்த இருபது முப்பது ஆண்டுகளின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு எது என்று என் வயதுத் தூண்டில்காரர்களைக் கேட்டால், வெட்கப்படாமல் ஒரே பதில் சொல்வார்கள்: தண்ணீர் புகாத முன்பக்க ஜிப். அன்று ஒரு முறை சிறுநீர் கழிக்கக் கரைக்கு உதைத்து வந்து, டியூபிலிருந்து வெளியேறி, நெஞ்சுவரை மாட்டியதை உரித்து, மறுபடி அத்தனையும் மாட்டிக்கொண்டு போவதற்குள், மீன் தின்னும் பூச்சிகள் நீரிலிருந்து எழும் நேரமே முடிந்துவிடும்.

காற்றுக்கும் கணக்கு உண்டு

மாறாத சிலவும் உண்டு. பொய்சி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 820 மீட்டர். அங்கிருந்து ஐந்தாறு மணி நேர ஓட்டத்தில், மொன்டானா எல்லையோரம் இருக்கும் ஹென்றிஸ் ஏரி ஏறக்குறைய 1,970 மீட்டர். வீட்டிலேயே காற்றடித்து வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று சோம்பேறித்தனம் சொல்லும். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1.7 பிஎஸ்ஐ குறைகிறது. மிதவைக்குள் அடிப்பதே அந்த அளவுக் காற்றுதான். போய்ச் சேரும்போது உள்ளழுத்தம் இரட்டிப்பாகி, தையல் விண்ணென்று நிற்கும். வெயிலில் வைத்தால் இன்னும் உப்பும். தண்ணீரில் இறக்கினால் குளிர்ந்து தொய்யும். ஆகவே ஏரிக்கரையில் அடிப்பது, தண்ணீரில் நனைத்துக் குளிரவைத்து மீண்டும் கொஞ்சம் அடிப்பது, கரையேறினால் கொஞ்சம் இறக்குவது. லாரி டியூப் காலத்து இந்த ஒழுங்கு யூரித்தேனுக்கும் அப்படியே பொருந்துகிறது.

திரையில் மீன்

ஹென்றிஸ் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 6,500 ஏக்கர், சராசரி ஆழம் பன்னிரண்டு பதின்மூன்று அடி. அவ்வளவு பெரிய ஏரி, அவ்வளவு குறைந்த ஆழம் என்பதால் வெயில் அடிவரை போகிறது, நீர்ப்பாசிச் செடிகள் காடாக வளர்கின்றன. அட்டை, கூனி போன்ற ஸ்கட், ஊசித்தும்பியின் இளம்புழு எல்லாம் அதில் கொழிக்கின்றன. அவற்றைத் தின்று யெல்லோஸ்டோன் கட்த்ரோட் ட்ரவுட் பெருக்கிறது. தாடைக்கடியில் சிவப்புக் கீற்று உள்ள மீன் அது. மாநில மீன்வளத் துறை அங்கே அதன் முட்டைகளை எடுக்கிறது.

அன்று அந்த ஏரியில் மீனைத் தேடுவது காது, கண், ஊகம். செடிக்காட்டின் விளிம்பு எங்கே, குளிர்ந்த ஓடை எங்கே வந்து சேர்கிறது, பறவை எங்கே தாழப் பறக்கிறது என்று பார்த்து உதைத்துப் போவோம். ஒலியை அனுப்பி மீனைக் காட்டும் சோனாரை, கார்ல் லோரன்ஸ் என்ற அமெரிக்கரின் குடும்பம் 'சின்னப் பச்சைப் பெட்டி' வடிவில் 1950-களின் முடிவிலேயே விற்கத் தொடங்கிவிட்டது என்றாலும், அதற்கு வேண்டிய கனத்த பேட்டரியை டியூபில் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனம் வரவில்லை. இன்று லித்தியம் பேட்டரி கைப்பைக்குள் அடங்குகிறது. பந்தளவு உணரியைத் தண்ணீரில் வீசினால் அடித்தரையின் படம் கைபேசியில் வருகிறது. 2018-இல் கார்மின் நிறுவனம் கொண்டுவந்த லைவ்ஸ்கோப் இன்னும் ஒரு படி தாண்டியது. முன்னால் நிற்கும் மீன் நகர்வதை, நாம் இறக்கிய ஃப்ளையை அது நெருங்குவதை அந்த நொடியிலேயே திரையில் பார்க்கலாம்.

ஒரு முறை ஏரியில் எனக்குப் பக்கத்தில் மிதந்த இளைஞன், தேனிப் பக்கத்துக்காரன், திரையைத் திருப்பிக் காட்டினான்.

"அங்கிள், பதினாலடில ரெண்டு நிக்குது பாருங்க."

"நிக்கட்டும்ப்பா. உன் ஃப்ளை எங்க?"

"அந்தா, மேல. இப்ப வரும் பாருங்க... வந்துச்சா? மோந்து பாத்துட்டுத் திரும்பிருச்சு. இன்னைக்கு முழுக்க இதே கததான்."

"அப்ப இதுக்கு எதுக்குடா இத்தன காசு?"

"நம்மள எத்தன மீன் வேணாம்னு சொல்லுதுன்னு இது வந்தப்புறம்தான் அங்கிள் தெரிஞ்சுச்சு."

நியாயமான பேச்சு. மீன் இல்லாததால் கடிக்கவில்லை என்று நாங்கள் நம்பியிருந்த மணிநேரங்களில் எத்தனையோ மீன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும். கற்றுக்கொள்கிறவனுக்கு அந்தத் திரை ஒரு வாத்தியார். ஆனால் அதே திரை மீனின் ஒளிவிடத்தையும் எடுத்துவிடுகிறது. பாஸ் மீன் போட்டிகள் நடத்தும் மேஜர் லீக் ஃபிஷிங் அமைப்பு 2025 பருவத்தில், தன் முதன்மைத் தொடரில் ஒரு நாளின் மூன்று கட்டங்களில் ஒன்றில் மட்டும் இதை அனுமதிப்பது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. பரிசுப் பணத்துக்காகப் பிடிப்பவர்களே வரம்பு வேண்டும் என்கிறபோது, பொழுதுபோக்குக்குப் போகிறவர்கள் யோசிக்கலாம்.

ஏரியின் பக்கத்துக் கணக்கு

கருவிகள் இவ்வளவு மாறிய அதே காலத்தில் ஏரியும் மாறியது. அது வேறு திசை.

தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். கடல்மட்டத்தில் 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் கரைவது, 20 டிகிரியில் 9-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு போகும். ட்ரவுட்டுக்கு 20 டிகிரிக்கு மேல் மூச்சுத் திணறல்தான். அந்த நேரத்தில் அதைத் தூண்டிலில் இழுத்துப் போராடவிட்டு, படம் எடுத்து, 'விட்டுவிட்டேன்' என்று பெருமைப்பட்டால், நீந்திப் போன மீன் சற்று நேரத்தில் செத்து மிதக்கலாம். மொன்டானாவில் ஆற்றின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடுகிறார்கள். ஆழமற்ற ஏரிகளில் கோடையின் உச்சத்தில் மீன்கள் குளிர்ந்த ஓடை வாய்களில் திரண்டு நிற்கும். அன்று அதைக் கண்டால் யோகம் என்றோம். இன்று அது அடைக்கலம் புகுந்த கூட்டம் என்று தெரிகிறது. தெரிந்த பிறகு அங்கே தூண்டில் போட மனம் வருவதில்லை.

இன்னொரு மாற்றம் சிப்பி வடிவில் வந்தது. குவாகா என்ற அந்நியச் சிப்பி 2007 ஜனவரியில் அமெரிக்காவின் தென்மேற்கே உள்ள மீட் ஏரியில் தென்பட்டது. ஒட்டிய இடத்தையெல்லாம் மூடி, தண்ணீரிலுள்ள நுண்ணுயிர் உணவை வடிகட்டித் தின்றுவிடும். பாசனக் குழாய்களையும் அடைக்கும். ஐடஹோ 2009 முதல் சாலையோரம் படகுச் சோதனைச் சாவடிகள் வைத்தது. அப்படியும் 2023 செப்டம்பரில் ட்வின் ஃபால்ஸ் அருகே ஸ்னேக் ஆற்றில் குவாகாவின் இளம்புழு கிடைத்தது. ஆற்றில் செம்பு மருந்து ஊற்ற நேர்ந்தது. அந்தப் பகுதி மீன்கள் ஏராளமாகச் செத்தன.

இதில் ஃப்ளோட் டியூபுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாத இளம்புழுவுக்கு உறையின் மடிப்பில் தங்கிய ஒரு கை தண்ணீர் போதும். அன்று ஈர டியூபை அப்படியே வண்டியில் போட்டு அடுத்த வாரம் அடுத்த ஏரியில் இறக்குவோம். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இன்று கழுவி, வடித்து, முழுக்கக் காயவைத்த பிறகே அடுத்த தண்ணீர். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 2018 முதல் கம்பளி அடியுள்ள காலணிகளைத் தடைசெய்ததும் இதே காரணத்தால்தான். ஈரம் காயாத கம்பளி, வேற்று உயிர்களுக்கு வாகனம். புதிய மிதவையின் வழவழப்பான பிவிசி சீக்கிரம் காய்கிறது. அது தற்செயலாக மீனுக்குக் கிடைத்த லாபம்.

யாருக்காக வந்தவை

இப்போது கணக்கைக் கூட்டிப் பார்க்கலாம். திறந்த வடிவம், இரட்டைக் காற்றறை, நுரை இருக்கை, சூடான உடுப்பு, இழுத்தால் வாயு நிரம்பும் மெல்லிய உயிர்காப்பு உடை எல்லாம் தூண்டில்காரனுக்கு வந்தவை. உயிரையும் முழங்காலையும் காப்பாற்றுகிறவை என்பதால் யோசிக்காமல் வாங்கலாம். திரையும் மின்மோட்டாரும் மீனுக்கு எதிராக வந்தவை. மீனுக்காகவே வந்தவை மிகச் சில: செவுளையும் வழுக்குத் தோலையும் கிழிக்காத ரப்பர் வலை, எதிர்முள் இல்லாத தூண்டில் முள், நூலில் கட்டித் தொங்கவிடும் வெப்பமானி. மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு நல்ல நரம்புச் சுருளின் விலைக்கு வராது. விளம்பரப் பக்கங்களில் இவற்றுக்கு இடமும் கிடைப்பதில்லை.

மின்மோட்டார் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மிதவையின் பின்னால் பொருத்துவதற்கென்றே சிறியவை வந்துவிட்டன. பல மாநிலங்களில், ஐடஹோவிலும், மோட்டார் பொருத்தியதும் அது சட்டப்படி மோட்டார் படகு. பதிவு எண் வாங்க வேண்டும். சட்டம் சரியாகவே பார்க்கிறது என்பேன். ஃபின் உதைத்து நகர்பவனின் வேகம் நடையைவிடக் குறைவு. அந்த மெதுவில்தான் அட்டைபோல் கட்டிய ஃப்ளை அட்டைபோல் நீந்துகிறது. ஒவ்வோர் உதைக்கும் அது சற்று எழுந்து தாழ்கிறது. எந்தக் கம்பும் சுருளும் அந்த அசைவைக் கொடுக்காது. சத்தமும் இல்லை, நிழலும் சிறியது. மீன் பக்கத்தில் வருவதே அதனால்தான்.

மோட்டார் நம்மிடமிருந்து பறிப்பது இன்னொன்றும் உண்டு. 6,500 ஏக்கர் ஏரியில் காலால் உதைப்பவனுக்குக் கிடைப்பது கரையோரத்தின் ஒரு துண்டு மட்டும். மதியக் காற்று எழும்பினால் அதை எதிர்த்து எவ்வளவு தூரம் திரும்பி வரமுடியும் என்பதைக் காலையிலேயே கணக்குப் போட்டுவிட்டுத்தான் உதைக்கத் தொடங்க வேண்டும். வயது ஏற ஏறத் துண்டு சுருங்குகிறது. மிச்சமெல்லாம் மீனுக்கு. எந்தத் துறையும் போடாத தடை, எந்தச் சாவடியும் சோதிக்காத வரம்பு. பழையதில் இருந்து புதியதுக்கு நான் கொண்டுவந்த ஒரே கருவி இந்தக் கால்தான். மாற்றுப்பொருள் விற்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.